ராக் பாஸ்பேட்டை நைசாக அரைத்துப் போட்டால் டிஏபிக்கு ஈடாகுமா?

மஞ்சக்காட்டான்:
வணக்கமுங்க. கோபி பக்கம் ரெண்டு ஏக்கர் மஞ்சள் போடப் போகிறேன், வாய்க்கால் பாசனம். மண் ஆய்வு அட்டையில் பிஎச் 8.3, மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று வந்திருக்கிறது. அடியுரத்துக்கு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) கேட்டால் கடையில் இல்லை, ராக் பாஸ்பேட் கொண்டு போங்க, அதிலும் மணிச்சத்துதானே இருக்கு என்கிறார் கடைக்காரர். அது மெதுவாகத்தான் கரையும் என்பது தெரியும். எங்க மச்சான் மஞ்சள் அரவை மில் வைத்திருக்கிறார், அதில் கொடுத்து இன்னும் நைசாக அரைத்துப் போட்டால் சீக்கிரம் கரைந்துவிடாதா? அச்சுவெல்லத்தைவிட நாட்டுச்சர்க்கரை சீக்கிரம் கரைகிறதே, அந்தக் கணக்குதான்.

மலைக்காடு:
நான் வால்பாறையில் எஸ்டேட் வேலை. தேயிலைக்கு ராக் பாஸ்பேட்தான் போடுகிறோம், நன்றாகவே கேட்கிறது. அரைக்கவெல்லாம் வேண்டாமுங்க, மூட்டையிலேயே மாவாகத்தான் வரும்.

பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார்:
தம்பி சொல்வது அவர் மண்ணுக்குச் சரி. தேயிலை மண் பிஎச் 5 பக்கம் நிற்கிற அமில மண், உங்களுடையது 8.3, கார மண்.

வெல்லக் கணக்கு பாதி சரிதான். ஒரு மில்லிமீட்டர் கனசதுரம் ஒன்றை 0.1 மில்லிமீட்டராக நறுக்கினால் ஆயிரம் துண்டு வரும், மொத்த மேற்பரப்பு பத்து மடங்காகும், கரையும் வேகமும் கூடும். ஆனால் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது வேறு, கடைசியில் எவ்வளவு கரையும் என்பது வேறு. ராக் பாஸ்பேட் என்பது அபடைட் கல். கால்சியம், பாஸ்பேட், புளோரைடு மூன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். அது அவிழ அமிலம் வேண்டும், அவிழ்ந்த கால்சியம் அங்கிருந்து விலகவும் வேண்டும். உங்கள் மண்ணில் அமிலம் இல்லை, சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல் வேறு இருந்தால் கால்சியம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும். கெட்டிப் பாகில் இன்னும் சர்க்கரை கொட்டினால் எவ்வளவு நைஸ் சர்க்கரையானாலும் அடியில்தான் தங்கும்.

மேலும், அரைத்துதான் விற்கிறார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படியே ராக் பாஸ்பேட்டில் 90 சதவீதம் 0.15 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். அரைப்பதோடு வேலை முடிந்திருந்தால் 1842இல் இங்கிலாந்தில் லாஸ் என்பவர் இந்தக் கல்லில் கந்தக அமிலம் ஊற்றி சூப்பர் பாஸ்பேட் செய்யக் காப்புரிமை வாங்கியிருக்க மாட்டார், நம் ராணிப்பேட்டையில் 1906இல் அதற்கு ஆலையும் வந்திருக்காது.

காங்கேயத்தான்:
வாத்தியாரய்யா சொன்னதோடு இன்னொன்று. டிஏபி, சூப்பர் பாஸ்பேட் மாதிரி தண்ணீரில் கரைகிற உரத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழுங்க! ஒரு வருஷம் கட்டிதட்டிப்போன டிஏபியை வீணாக்க மனசில்லாமல் உலக்கையால் இடித்துப் பொடியாக்கிக் காடு முழுக்கத் தூவினேன், நம்முடையதும் சுண்ணாம்புக்காடுதான், பயிர் கண்டுகொள்ளவே இல்லை. பொடி எவ்வளவு நைசோ அவ்வளவுக்கு மண்ணில் உள்ள சுண்ணாம்போடு ஒட்டுகிறது, கரைந்த மணிச்சத்து திரும்பக் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாக இறுகிவிடுகிறது. குருணையாக இருந்தால் தொடும் இடம் குறைவு, சுற்றிலும் கொஞ்ச நாளாவது சத்து அடர்த்தியாக நிற்கும். டிஏபி குருணை 1 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும் என்று ஆணையில் வைத்திருப்பதும் வீணுக்கல்ல. மணிச்சத்து மண்ணில் சில மில்லிமீட்டர்தான் நகரும், அதனால் தூவாமல் விதைக்கிழங்குக்குக் கீழே பட்டையாக வையுங்க.

மஞ்சக்காட்டான்:
அப்படியா! சூப்பர் குருணை கடையில் இருக்கிறது. அதில் மணிச்சத்து 16 சதம்தானே, எத்தனை மூட்டை பிடிக்கும்?

காங்கேயத்தான்:
டிஏபியில் மணிச்சத்து 46, அதனால் ஒரு மூட்டை டிஏபிக்கு சூப்பர் மூன்று மூட்டை கிட்ட வரும். டிஏபியில் வந்திருக்க வேண்டிய தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) இருபது கிலோ யூரியா தனியாக. கூலி கூடும், அதற்கு வழியில்லை. நடவுக்கு இன்னும் மாசம் இருந்தால் சூப்பரை மக்கிய தொழு உரத்தோடு கலந்து குவித்து வைத்துப் போடுங்க, மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிற நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியாவும் போடலாம். சூப்பரில் கந்தகமும் சேர்ந்தே வருகிறது, அது லாபம்தான்.

பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார்:
எதுவாக இருந்தாலும் அந்த மில் யோசனையை மட்டும் மறந்துவிடுங்கள். சோற்றுக்குப் போகிற மஞ்சள் அரைக்கும் இடத்தில் புளோரைடு கல்லை அரைப்பார்களா? பறக்கும் தூசியில் சிலிக்கா வேறு இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது.

மஞ்சக்காட்டான்:
மச்சானிடம் நேற்றே கேட்டுப் பார்த்தேனுங்க. கல்லை அரைக்க என் மில்லுதான் கிடைச்சுதா என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டார். சூப்பரே வாங்கிக்கொள்கிறேன்.