மலையகத்துக் கட்டடக்கலைஞர் சமூகப் பணியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பொகவந்தலாவை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, இப்போது கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்தில் பயிற்சி பெற்று வருகிறேன். பட்டயம், அதாவது பதிவு பெற்ற கட்டடக்கலைஞர் என்ற தகுதி, பெறுவதற்கான தொழில்சார் தேர்வு இன்னும் மீதமிருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் சில குடும்பங்களுக்குத் தலா ஏழு பேர்ச் காணி கிடைத்துள்ளது. "நம்ம பிள்ளைதானே, பிளானை இலவசமாகப் போட்டுத் தரட்டும்" என்று தோட்டத்து இளைஞர்கள் கேட்கிறார்கள். அலுவலகத்தின் மூத்தவரோ, இலங்கை கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் குழு ஒன்றில் சேர்ந்து தொழில்சார் தலைமைத்துவத்துக்கு இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்கிறார். அந்தக் குழுக்களில் கூட்டமும் விருந்துமே மிஞ்சும் என்றும், ஊருக்குப் பயன்படுவது வரைபடம்தான் என்றும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டில் எதற்கு நேரத்தைக் கொடுப்பது? இந்தத் தொழிலில் இருப்பவர்களும், தோட்டங்களில் வீட்டுத்திட்டங்களைக் கண்கூடாகப் பார்த்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கண்டி, ஓய்வுநிலைக் கட்டடக்கலைஞர்

மகள், முதலில் தேர்வை முடியுங்கள். பதிவு பெறாத ஒருவர் கட்டடக்கலைஞர் என்ற பெயரில் தொழில் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. அதைவிட முக்கியமாக, நீங்கள் கொடுக்கும் தாளை நம்பி ஒரு மேசன் பாஸ் மலைச்சரிவை வெட்டத் தொடங்கும்போது, அந்தத் தாளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தாக வேண்டும். கையொப்பமிடும் தகுதி இல்லாத காலத்தில் வரைபடத்தை விநியோகிப்பதைச் சேவையென்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

குழுக்களைப் பற்றிய உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. சில கூட்டங்களில் நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஆனாலும் 1957இல் தொடங்கி 1976இல் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்ட நமது நிறுவகம் வெறும் விருந்துச் சங்கமாக இருந்துவிடவில்லை. மொரட்டுவைக்கு வெளியே, அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கக்கூடிய கட்டடக்கலைப் பள்ளியொன்றை அதுவே கொழும்பில் உருவாக்கியது. ஒரு வரைபடத்தால் ஒரு வீடு எழும்பும். பாடத்திட்டத்தையும் விதிமுறையையும் தீர்மானிக்கும் மேசையில் மலைச்சரிவைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால், அதன் பலன் பல மாவட்டங்களுக்குப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அவர் கண்டியிலேயே அலுவலகம் வைத்து வேலை செய்தார். 1950களில் வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்காக இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பைத் திட்டமிட்டபோது, குடியேறப் போகிறவர்களிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்தும் அவர்களைக் கூட்டிப் பேசியும் குடும்பங்களின் தேவைகளை அறிந்து, பல வகை வீடுகளை வடிவமைத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தவர் அங்கு குடியேறினார்கள். அந்த முறை நாடு முழுவதும் வழக்கமாகாமல் போனதற்கு, அதை விதியாக்கும் இடங்களில் அவருக்குத் துணை நின்றவர்கள் குறைவு என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன். நிறுவகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 1996இல்தான் கிடைத்தது. 1998இல் அவர் காலமானார்.

பதில்: லிந்துலை ஆசிரியை

தங்கச்சி, நான் கட்டடம் படித்தவள் அல்ல. ஆனால் என் மாணவர்களின் வீடுகளுக்குப் போய் வருகிறவள் என்பதால், குடியேறிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையிலிருந்து, 550 சதுர அடித் தனிவீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை லயத்தில் வளர்ந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வீடுகளின் சமையலறை பெரும்பாலும் எரிவாயு அடுப்பை மனதில் வைத்தே வரையப்படுகிறது, எரிப்பதோ விறகு. சில மாதங்களிலேயே சுவர் கறுத்து, கூரைவரை புகை படிந்துவிடும். உடனே வீட்டின் பின்புறத்தில் தகரத்தை இறக்கி அங்கே அடுப்பைப் போடுவார்கள். அதற்கு இடம் போதாதபோது பின்னாலுள்ள மண்திட்டை மண்வெட்டியால் இரண்டு மூன்றடி உள்ளே குடைவார்கள். புதுத் தகரத்திலிருந்து வழியும் மழைத்தண்ணீர் வெட்டிய மண்ணின் அடியிலேயே விழும், அதை எடுத்துச்செல்லக் கான் இருக்காது. நான் அடிக்கடி போகும் வரிசையொன்றில் மேல்வீட்டுக் கழிவுக்குழியின் நீர் கீழ்வீட்டின் பின்சுவரில் கசிந்து, அந்தச் சுவரோரம் கட்டில் போட முடியாமல் பிள்ளைகள் முன்னறையில் படுக்கிறார்கள். அங்கே வீடுகளும் குழிகளும் வரைபடத்தில் சொன்ன இடத்திலேயே இருக்கின்றன. தரை சரிவானது என்பதை மட்டும் அந்த வரைபடம் கண்டுகொள்ளவில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, நம் மக்கள் மழைக்காலத்தில் வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டேதான் தூங்குகிறார்கள். ஆகவே வரைபடத்தை இலவசமாகக் கொடுப்பதற்கு முன்னால், வாரவிடுமுறையில் வந்து, ஏற்கனவே குடியேறியவர்கள் எதை இடித்தார்கள், எதைச் சேர்த்தார்கள், ஏன் சேர்த்தார்கள் என்று பார்த்து எழுதி வையுங்கள். பகலில் ஆண்கள் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் வரை இருங்கள். அடுப்பைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பதில்: நுவரெலியா மாவட்டத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்

ஆசிரியை சொன்னதை நானும் நாள்தோறும் காண்கிறேன். ஆனால் ஐயாவின் கருத்துடன் முழுமையாக உடன்பட முடியவில்லை. பட்டயம் கிடைக்கும் வரை ஊர்ப்பக்கம் வரவேண்டாம் என்ற பொருளில் அதை எடுத்துக்கொண்டால், நல்ல பிள்ளைகள் பலர் அதற்குப் பிறகும் வரமாட்டார்கள். கொழும்பில் குடும்பமும் கடனும் வந்துவிடும். ஊர் பொங்கலுக்கு வந்து போகும் இடமாகிவிடும்.

தங்கை இப்போதே செய்யக்கூடியதும் கையொப்பம் தேவைப்படாததுமான வேலை நிறைய இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள நமது மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். எதற்கு விண்ணப்பிப்பது, எந்த ஆவணத்தை இணைப்பது என்று தெரியாததால், கூலிப்பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் அனுமதியில்லாமலே அத்திவாரம் வெட்டிவிடுகின்றன. காணி உறுதிப்பத்திரம் கைக்கு வராதவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்கு இருந்த தடை, 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே நீங்கியது. அந்தத் திருத்தம் தமக்கு எதைக் கொண்டுவந்தது என்பதைப் பல தோட்டங்களில் இன்னும் எவரும் போய்ச் சொல்லவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும், தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் என்ன கேட்க வேண்டுமென்று சொல்லிக் கொடுப்பதும் பெரிய உதவி.

இலவசம் என்ற விடயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு வீட்டுக்கு வரைந்த பிளான் நகலெடுக்கப்பட்டு, வேறு சரிவிலும் வேறு மண்ணிலும் கட்டப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். சிறிய தொகையாயினும் பெற்றுக்கொண்டு, எந்தக் காணிக்கு என்று தாளிலேயே எழுதிக் கொடுத்தால், வாங்கியவருக்கும் அது தன் வீட்டுக்கானது என்ற எண்ணம் வரும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, டீச்சர், அண்ணா, மூவருக்கும் நன்றி. வரைபடம் தருவதாக இப்போது எவருக்கும் வாக்குக் கொடுக்கப் போவதில்லை. தோட்டத்து இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, குடியேறிய வீடுகளில் பின்னால் சேர்க்கப்பட்ட பகுதிகளையும், கான்களையும், கழிவுக்குழிகளையும் அளந்து பதிவுசெய்யலாம் என்று நினைக்கிறேன். ஐயாவிடம் ஒரு கேள்வி: அப்படிப் பதிவுசெய்ததை நிறுவகக் குழுவின் முன் ஒரு பயிற்சியாளர் வைத்தால் எடுத்துக்கொள்வார்களா?

கண்டி, ஓய்வுநிலைக் கட்டடக்கலைஞர்

வெறும் முறைப்பாடாகக் கொண்டுபோனால் கேட்டுவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். அளவோடும் குறுக்குவெட்டு வரைபடத்தோடும் கொண்டுபோங்கள். மண்திட்டு எவ்வளவு வெட்டப்பட்டது, சுவருக்கும் அதற்கும் இடையே எத்தனை அடி என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கூடவே கேட்பதையும் ஒன்றாகச் சுருக்குங்கள். மாதிரி வீட்டு வரைபடத்தில் விறகடுப்புக்கான இடமும் பின்புறக் கானும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது மட்டும் போதும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் தம்பி சொன்னது சரி, பட்டயத்துக்காக ஊரை ஒதுக்கிவைக்கச் சொல்வது என் நோக்கமல்ல. அளக்கப் போகும் முன் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் துரை பங்களாவில் விளக்கம் கொடுப்பதிலேயே அந்த வாரவிடுமுறை போய்விடும்.