காது மிஷின்: 'இரைச்சலில் பேச்சு' புரோகிராம் போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை

மெல்லொலி:
வணக்கம். எனக்கு இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் வகை, மெல்லிய கம்பி உள்ளே போகும். மூன்று புரோகிராம் வைத்திருக்கிறார்கள்: 1 பொது, 2 இரைச்சலில் பேச்சு, 3 தொலைபேசி. வீட்டில் 1 போதும். ஆனால் உணவகத்தில் 2-ஐப் போட்டால் பின்னால் இருக்கும் சளசளப்போடு பக்கத்து நாற்காலியில் இருக்கும் மனைவியின் குரலும் அமுங்கிவிடுகிறது. 1-க்குத் திரும்பினால் எல்லாம் ஒரே இரைச்சல். ஒலியளவைக் கூட்டினால் இரைச்சலும்தான் கூடுகிறது. அப்புறம் இன்னொன்று: புல்லாங்குழல் கேட்டால் நீண்ட சுரங்கள் நடுங்குகின்றன. மிஷின் கோளாறா, புரோகிராம் கோளாறா?

பழையகாது:
2-ஆம் புரோகிராமில் மிஷின் முன்பக்கத்தை மட்டும்தான் கவனிக்கும். பக்கத்தில் இருப்பவர் அதற்கு இரைச்சல் கணக்கு. மனைவியை எதிரில் உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள்.

ஒலிமானி:
நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர். எதிரில் உட்காரச் சொன்னது சரி. சுவர் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒவ்வொரு மிஷினிலும் முன்னும் பின்னுமாக இரண்டு மைக் இருக்கும். ஒலி எந்த மைக்கை முதலில் எட்டுகிறது என்கிற மிகச் சிறிய நேர வித்தியாசத்தை வைத்து, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதை மிஷின் அமுக்குகிறது. நீங்கள் சுவருக்கு முதுகு காட்டினால் மொத்தக் கூட்டமும் உங்கள் முன்னால், அதாவது மைக் குறிவைக்கும் பக்கத்திலேயே இருக்கும். 2-ஐப் போடும்போது கூட்டத்துக்கு முதுகு காட்டி உட்காருங்கள், பேசுபவர் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். சுவருக்கு முதுகு என்பது எல்லாத் திசையும் கேட்கும் 1-க்குப் பொருந்தும். பேசுபவர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போனால், எதிரொலிக்கும் அறையில் இந்த வித்தை எடுபடாது.

கம்பி நுனியில் காதுக்குள் போகும் மிருதுவான சிலிக்கோன் மூடியில் (டோம்) ஓட்டைகள் இருக்கின்றனவா? அப்படியானால் தாழ்ந்த சுருதி இரைச்சல் மிஷினைத் தொடாமல் நேராகவே செவிப்பறைக்குப் போகும். அதை எந்தப் புரோகிராமும் குறைக்க முடியாது. மூடிய டோம் உதவும், ஆனால் உங்கள் குரலே உங்களுக்குக் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கலாம். சிலருக்கு அது பழகிவிடும், சிலர் திரும்ப மாற்றச் சொல்லி வருவார்கள்.

புல்லாங்குழல் நடுக்கம் பெரும்பாலும் கோளாறு இல்லை. மிஷினே சில நேரம் எழுப்பும் விசில் சத்தத்தைத் தடுக்க அதில் ஓர் அமைப்பு உண்டு. நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரத்தை அது விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். இசைக்கென்று நாலாவது புரோகிராம் கேளுங்கள்: விசில் தடுப்பு அணைத்தோ குறைத்தோ, இரைச்சல் குறைப்பு அணைத்து, மைக் எல்லாத் திசைக்கும், ஒலிச் சுருக்கம் (மெல்லிய ஒலியைக் கூட்டி, பலத்த ஒலியை அடக்குவது) குறைவாக. உங்களுக்கு உச்ச சுருதிகளைக் கீழே இறக்கித் தரும் வசதி போட்டிருந்தால் இசைக்கு அதையும் எடுக்கச் சொல்லுங்கள். சுருதியே பிசகும்.

மெல்லொலி:
டோமில் ஓட்டைகள் இருக்கின்றன. இடம் மாறி உட்கார்ந்து பார்த்தேன், வலது காதில் நல்ல வித்தியாசம். இடது காதில் 2-க்கும் 1-க்கும் வேறுபாடே தெரியவில்லை. கார் ஓட்டும்போது பின்சீட்டில் பேசுவதும் கேட்பதில்லை. 1-ஐத்தான் போட்டிருக்கிறேன்.

பழையகாது:
இடது மைக் துளையைப் பாருங்கள். இரண்டில் ஒன்றில் தூசி அடைத்தாலே திசை கணிப்பது போய்விடும், ஆனால் ஒலி வரும் என்பதால் நமக்குச் சந்தேகமே வராது. துளை கீழே பார்க்கும்படி பிடித்து, கூடவே வந்த பிரஷால் துடையுங்கள். ஊசி வேண்டாம்.

ஒலிமானி:
ஆமாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் கிளினிக்கில் மிஷினைச் சோதனைப் பெட்டியில் வைத்து முன்மைக், பின்மைக் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கார் விஷயம்: பல மிஷின்களில் 'பொது' என்பது தானாக மாறும் புரோகிராம். எஞ்சின் இரைச்சல் கேட்டதும் அதுவே முன்பக்கம் திரும்பிக்கொள்ளும். மைக்கை எல்லாத் திசைக்கும் நிலையாகப் பூட்டிய புரோகிராம் ஒன்று வேண்டும். சில மாடல்களில் ஆப் வழியாகவே பின்பக்கம் திருப்பலாம்.

மெல்லொலி:
துடைத்த பிறகு இடது பக்கம் கொஞ்சம் தேவலை, முழுசாக இல்லை. வரும் வாரம் கிளினிக் போகிறேன். இசை, கார் என்று இரண்டையும் சேர்த்தால் ஐந்து புரோகிராம் ஆகிறது. பட்டனை அழுத்தி அழுத்திப் போக வேண்டுமே?

ஒலிமானி:
எல்லா மாடலும் அத்தனை புரோகிராம் ஏற்காது, அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் புரோகிராமில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது மிஷினில் பதிவாகியிருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தொலைபேசியை அவ்வளவாகத் தொடவே இல்லை என்று தெரிந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இசையை வைக்கலாம்.