சட்டையின் மூன்றாவது பொத்தான்

கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூர்

என் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சேர்க்கைத் தாள்களோடு ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியும் வந்தது. மாணவர் தனியாகவும் பெற்றோர் தனியாகவும் அதைக் கொடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதி. கையெழுத்திடும் முன் ஒருமுறை முழுமையாக வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தவன், அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. பாதிக்கப்பட்டவன் என்று மட்டுமே இத்தனை ஆண்டுகளாக என்னைப் பற்றிச் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் இரண்டு பக்கத்தையும் இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்தது 1998-இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு படித்த நாவரசு கொல்லப்பட்டிருந்தார். அடுத்த மாதமே தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்க அவசரச் சட்டம் வந்தது. 1997-இல் அது முழுச் சட்டமானது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்றெல்லாம் எங்கள் விடுதி அறிவிப்புப் பலகையில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். நான் சேர்ந்த ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் கடலூர் அமர்வு நீதிமன்றம் அந்தக் கொலை வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்திருந்தது. செய்தித்தாளில் அதைப் படித்திருந்த என் அம்மா, பேருந்து நிலையத்தில் என் கையை விடவே இல்லை.

பலகையில் சட்டம் இருந்தது. மாடியில் வேறு சட்டம் இருந்தது. பெல்ட் கூடாது, கைக்கடிகாரம் கூடாது, தலையில் எண்ணெய் வழிய வேண்டும், சீனியரை 'சார்' என்றுதான் அழைக்க வேண்டும், அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நம் சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஆள் வந்து அழைப்பான். பெயர், ஊர், பள்ளி, கட்-ஆஃப், அப்பாவின் தொழில் என்று 'இண்ட்ரோ' கொடுக்க வேண்டும். ஒருநாள் தீக்குச்சி ஒன்றைக் கையில் கொடுத்து வராந்தாவின் நீளத்தை அளக்கச் சொன்னார்கள். மண்டியிட்டுத் தவழ்ந்து, ஆயிரத்துச் சொச்சம் குச்சி என்று சொன்னேன். தப்பு, மறுபடி அள என்றார்கள். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்துபோனது. இந்தத் தீக்குச்சிக் கதையைத்தான் நண்பர்கள் கூடும் இடங்களிலெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வந்திருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது இன்னோர் இரவின் கதை. எங்கள் அறையில் ஐந்து பேர். அதில் ஒருவனுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்தில் சைக்கிளில் தெருத்தெருவாக உப்பு விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். இண்ட்ரோவில் அதைத் தெரிந்துகொண்ட சீனியர்கள், அப்பா எப்படிக் கூவுவாரோ அப்படியே கூவிக்கொண்டு மூன்று மாடியையும் சுற்றி வா என்றார்கள். அவன் நின்றான். வாய் திறந்தது, குரல் வரவில்லை. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்போது தருமபுரிக்காரன் ஒருவன், எங்களிலேயே மெலிந்தவன், தலையை நிமிர்த்தி நேராக அவர்கள் முகத்தைப் பார்த்து, "அண்ணா, இது வேண்டாம். என்னை என்ன வேணும்னாலும் செய்யச் சொல்லுங்க. இவன் அப்பாவ இழுக்காதீங்க" என்றான்.

'சார்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவன் சொன்ன அந்த 'அண்ணா' இன்னும் என் காதில் இருக்கிறது. அவனையும் அடித்தார்கள். அவன் குரலை உயர்த்தவில்லை. அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னான். அறைக்குள் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு, போங்கடா என்று எல்லோரையும் விரட்டிவிட்டார்கள். மறுநாள் காலையில் அவன் வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதி, தேதி, நேரம், அறை எண், பெயர்கள் எல்லாம் குறித்து எங்களிடம் நீட்டினான். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் அம்மா பயந்துவிடுவாள் என்று காரணம் சொன்னேன். அந்தத் தாளோடு அவன் துணைக் காப்பாளரிடம் போனான். அடித்தவர்கள் இருவரை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அதன் பிறகு எங்கள் மாடிக்கு ஆள் வரவில்லை. நானும் நிம்மதியாகத் தூங்கினேன், அவன் வாங்கித் தந்த தூக்கம் அது.

இனி, இரண்டாம் ஆண்டு. நீலகிரியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவனை நான் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. என் சர்வே ரெக்கார்டை எழுதித் தரச் சொன்னேன், வரைபடத் தாள்களை மை போட்டுத் தரச் சொன்னேன், மெஸ்ஸிலிருந்து சாப்பாட்டை எடுத்து வரச் சொன்னேன். நான்கு இரவு விழித்து எழுதிய ரெக்கார்டை அவன் கொண்டுவந்து கொடுத்தபோது நடுவிரலின் ஓரத்தில் பேனா அழுத்திய தடம் சிவந்திருந்தது. நன்றி என்று நான் சொல்லவில்லை. அவன் பார்வை தன் சட்டையின் மூன்றாவது பொத்தானில் நிலைத்து நின்றது. அப்படி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அதைப் பார்த்தபோது எனக்குள் ஏற்பட்டது குற்ற உணர்வு அன்று, நிறைவு. இதை எழுதுவதற்குக் கூசுகிறது. ஆயினும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நிறைவுதான் நோய்.

1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையை இப்போது தேடிப் படித்தேன். கேலி செய்வது, திட்டுவது, காயப்படுத்துவது ஆகியவற்றோடு, சாதாரணமாக ஒரு மாணவர் மனமுவந்து செய்யமாட்டாத எதையும் செய்யச் சொல்வதும் ராகிங்தான் என்கிறது அது. அடிக்க வேண்டியதில்லை, மிரட்ட வேண்டியதில்லை, சொன்னாலே போதும். அறிவிப்புப் பலகையின் முன்னால் நான்கு ஆண்டுகள் நடந்து போயிருக்கிறேன். மற்றவர்கள் எனக்குச் செய்ததை அந்தச் சட்டத்தின் பெயரால் அழைத்தேன்; நான் செய்ததைப் 'பழக்கம்' என்று அழைத்தேன்.

வங்கி ஊழியர், சென்னை

நான் 2011-இல் சேர்ந்தவள். அப்போது புதிய விதிகள் கடுமையாக இருந்ததால் எங்கள் விடுதியில் யாரும் யாரையும் அடித்ததில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே ஓர் அக்கா எல்லோர் முன்னிலையிலும், "உன் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்டார். இது மதிப்பெண்ணைப் பற்றிய கேள்வி அல்ல என்பது இங்கே படித்தவர்களுக்குத் தெரியும். இருநூறுக்கு எவ்வளவு என்று சொன்னவுடன், எந்த ஒதுக்கீட்டில் வந்தோம் என்று கேட்பவர் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுவார். நானோ விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறந்தாலே பின்வரிசையில் என்னைப் போலவே உச்சரித்துக் காட்டுவார்கள். அன்று ஏதோ ஒரு துணிச்சலில், "தெரிஞ்சுகிட்டு என்னக்கா செய்யப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் என் பக்கத்துக் கட்டில்காரியிடம் அந்தக் கேள்வி போகவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

2016-இல் மானியக் குழு தன் விதியைத் திருத்தியபோது சாதி, மதம், நிறம், பிறந்த ஊர், பேசும் மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்துத் துன்புறுத்துவதையும் ராகிங் என்று சேர்த்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர் மட்டுமல்ல, எந்த மாணவரைச் செய்தாலும் ராகிங்தான். ஒருவரை ஒதுக்கி வைப்பதும் அதில் அடங்கும். நான் படித்து முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. நமக்கு நடந்ததற்கு இப்போதாவது பெயர் கிடைத்ததே என்று மகிழ்ந்துதான் படித்தேன். 'ஒதுக்கி வைப்பது' என்ற இடம் வந்தபோது கையிலிருந்த அலைபேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

இறுதியாண்டில் எங்கள் அறைத்தோழி ஒருத்தியை எங்களுக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் பேசுவாள், ஒரே கதையைத் திரும்பச் சொல்வாள், அவ்வளவுதான் அவள் குற்றம். அவளை விட்டுவிட்டு மற்ற நால்வரும் வாட்ஸ்அப்பில் தனிக்குழு வைத்துக்கொண்டோம். மெஸ்ஸில் அவள் தட்டோடு எங்கள் மேசையை நோக்கி வருவது தெரிந்தால், முடித்தாலும் முடிக்காவிட்டாலும் எழுந்துவிடுவோம். ஒருநாள் நான் திரும்பிப் பார்த்தேன். காலியான மேசையில் உட்காராமல், தட்டில் இருந்த இரண்டு சப்பாத்தியோடு எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பார்த்தும் நான் போனேன். கட்-ஆஃப் கேட்ட அக்காவை எதிர்த்துப் பேசிய அதே நான்தான்.

போன ஆண்டு அவள் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசி மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னது சரிதான். ஆனா நான் அதைப் பத்திப் பேச விரும்பலை" என்றாள். என் மனபாரத்தை இறக்கி வைக்க இன்னொரு முறை அவளை அழைப்பதும் அவளுக்குச் செய்யும் தொல்லைதான் என்று விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

எங்கள் நாட்டில் இதற்குப் பகிடிவதை என்று பெயர். பகிடியும் வதையும் ஒரே சொல்லில் இருப்பதை இளமையில் நான் யோசித்ததில்லை. செய்கிறவனுக்குப் பகிடி, அனுபவிக்கிறவனுக்கு வதை. 1997-இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடத்துப் புதிய மாணவன் வரப்பிரகாஷ் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அவனை வதைத்தவர்களும் தமிழ் மாணவர்களே என்பது எங்களுக்கு இன்னும் ஆறாத வெட்கம். அடுத்த ஆண்டு, 1998-இல், நாடாளுமன்றம் 20-ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிப் பகிடிவதையைக் குற்றமாக்கியது. இருந்தும், ஏழை பணக்காரன் என்ற வேற்றுமையை அழித்து எல்லோரையும் சமமாக்குகிறோம் என்ற நியாயம் விடுதிகளில் தொடர்ந்தது. நானும் என் காலத்தில் அதை நம்பியவன்.

நான் செய்தது ஒரு பெயர் வைத்தது மட்டும். என் கீழ் வகுப்பில் கொன்னை உள்ள ஒருவன் இருந்தான். அவன் தன் பெயரைச் சொல்லத் தொடங்கும்போது முதலெழுத்து மூன்று நான்கு தரம் வரும். அந்த ஓசையையே பட்டப்பெயராக்கினேன். இரண்டு நாளில் பீடம் முழுவதும் பரவிவிட்டது. ஆளைத் தொடவில்லை, காசு பறிக்கவில்லை, ஆகவே நான் நல்ல சீனியர் என்றே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது, பெரிய பதவியில் இருக்கிறான். பந்தியில் எனக்கு முன்வரிசையில் மகளோடு இருந்தான். பழைய நண்பர் ஒருவர் தூரத்திலிருந்து அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை தகப்பனைப் பார்த்து, "ஏனப்பா உங்களை அப்பிடிக் கூப்பிடுகினம்?" என்று கேட்டது. அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். முதலெழுத்திலேயே நின்றுவிட்டது. இலையில் இருந்த சோற்றை நான் பிசைந்துகொண்டே இருந்தேன். எழுந்து போய், அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் பிள்ளை, அப்பாவில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லவில்லை. வருகிற தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போகும்போது அவன் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். பிள்ளையும் இருக்கிற நேரத்தில்தான் போக வேண்டும்.

கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூர்

ஐயா எழுதிய பெயர் விஷயத்தைப் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீலகிரித் தம்பியை நான் தேடினேன், இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டு பின்னால் போய்த் தேட வேண்டிய தேவையே இல்லாமல் என் சைட்டிலேயே ஒருவன் இருக்கிறான். டிப்ளமோ முடித்துவிட்டு மேற்பார்வையாளராகச் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன். இரண்டாம் தளத்தில் ஒரு தூணின் அளவை அவன் தவறாகக் குறித்த நாளிலிருந்து அவனை நான் 'டிப்ளமோ' என்றுதான் கூப்பிடுகிறேன். கொத்தனார்களும் சித்தாள்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள். வேலை கற்றுக்கொடுக்கக் கண்டிப்பு வேண்டும், தவறைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும். இன்றும் அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் தூணின் அளவு அன்றே சரிசெய்யப்பட்டுவிட்டது. பெயர் ஏழு மாதமாக நிற்கிறது.

நேற்றுக் காலையில் கம்பி கட்டும் இடத்தில் எல்லோரும் இருக்கும்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவை அவன் திரும்பவில்லை. யாரையோ அழைக்கிறேன் என்று நினைத்திருப்பான். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அருகில் வந்தான். அளவு சரியாக இருக்கிறது, இனிமேல் யாராவது வேறு பெயரில் கூப்பிட்டால் என்னிடம் சொல் என்று, மேஸ்திரிக்கும் கேட்கும்படிச் சொன்னேன். "சரிங்க சார்" என்றான். பார்வை கையிலிருந்த அளவுநாடாவிலேயே இருந்தது. அதை வெளியே இழுப்பதும் உள்ளே விடுவதுமாக, நான் அங்கிருந்து நகரும் வரை நின்றுகொண்டிருந்தான்.