இசப்கோல் குடுத்தும் வயிறு உப்புது, ஏன்?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
பொண்ணுக்கு 20 வயசு. காலைல ஆறரை பஸ்ஸுல வேலந்தாவளம் வழியா கோயமுத்தூர் காலேஜுக்குப் போறா. வெளிக்குப் போறது வாரத்துல ரெண்டு நாள்தான். ரெண்டு வாரமா ராத்திரி இசப்கோல் நார்ப்பொடி குடுத்தேன். வயிறு கல்லாட்டம் உப்பினதுதான் மிச்சம்.

மட்டையரிசி:
பொடி எதுக்குங்க? பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனமே 2023ல சொல்லிருச்சு. நம்ம பொண்ணுக டிபன் டப்பாவுல என்ன இருக்கு? வெள்ளைச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் பரோட்டா. சிவப்பு மட்டை அரிசிக்கு மாறுங்க, புட்டுக்குக் கடலைக்கறி வைங்க, தினம் ஒரு கொய்யா குடுங்க.

பஸ்_ஜன்னல்:
அண்ணா, நீங்க அந்த பஸ்ஸுல போயிருக்கீங்களா? நான் மூணு வருஷம் போனேன். எங்க காலேஜ் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சணல் கயித்தை உள்ள இருந்து இழுத்துப் பிடிச்சுக்கணும். அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்க மாட்டோம். கொண்டுபோன பாட்டில் அப்படியே வீடு திரும்பும். இசப்கோல் தண்ணிய உறிஞ்சி ஊதுற சாமான். தண்ணியில்லாம குடுத்தா வேற என்ன ஆகும்? காலைல சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசையும். அந்த நேரத்துல நாங்க டிக்கெட் எடுத்துட்டிருப்போம். தினம் அடக்கி அடக்கி, வர்ற உணர்ச்சியே மழுங்கிப்போச்சு.

மட்டையரிசி:
கக்கூஸ் சரியில்லேன்னா கொய்யா திங்கக்கூடாதா? எங்க பாட்டி பனங்கிழங்கும் ராகிக்களியும் தின்னு 80 வயசு வரைக்கும் மலச்சிக்கல்னா என்னன்னே தெரியாம இருந்துச்சு.

பஸ்_ஜன்னல்:
உங்க பாட்டி விடியுமுன்ன சொம்பெடுத்துட்டுத் தோப்புக்குப் போனாங்க. ஆறரை பஸ் பிடிக்கல.

நர்ஸக்கா:
சண்டைக்கு நடுவுல யாரும் கேக்காத ஒண்ணு. பொண்ணு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறாளாம்மா? அதுவே இறுக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே கேளுங்க. மாதவிலக்குக்கு முந்துன நாள்கள்லயும் பலருக்கு இறுகும், தொடங்கினதும் இளகும். வாரத்துக்கு மூணு தடவை சிரமமில்லாம போனாலே சாதாரணந்தான். ரத்தம் பட்டாலோ எடை குறைஞ்சாலோ காத்திருக்காதீங்க. நாரைக் கூட்டுறதா இருந்தா கொஞ்சங்கொஞ்சமா, தண்ணியோட.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
மாத்திரை சாப்பிடுறா அக்கா! பாட்டிலையும் இப்பத்தான் பையில இருந்து எடுத்துப் பாத்தேன், முக்கால்வாசி அப்படியே இருக்கு. நாளைக்கு அஞ்சு மணிக்கே எழுப்பித் தோசை குடுத்துப் பாக்குறேன். கேட்டதுக்கே முறைக்கிறா.

மட்டையரிசி:
தோசைக்கு மட்டை அரிசி போட்டு அரைங்க.