ஐயெல்ட்ஸ் ஸ்பீக்கிங்: ஒழுங்கான ஆளை இங்கிலீஷ்ல எப்படி சொல்றது?

கேள்வி:
ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் பரீட்சைல பேசுற பகுதியோட பார்ட் டூ-ல, அதாவது ஒரு தலைப்ப குடுத்து தனியா பேசச் சொல்ற இடத்துல, நீங்க மதிக்கிற ஒருத்தர பத்தி பேசுங்கன்னு வந்தா எங்க தாத்தாவதான் சொல்லப்போறேன். காலைல நாலரைக்கு எழுந்துருவார், சுகர் வந்ததுலேருந்து கல்யாணப் பந்தில இலைல ஜாங்கிரி வச்சாக்கூட தொடமாட்டார், ஈபி பில் கேஸ் பில் எல்லாம் வருஷவாரியா கம்பில குத்தி வச்சிருப்பார். எனக்கு ஸ்ட்ரிக்ட், பங்க்சுவல் இந்த ரெண்டுதான் வருது, வேற என்ன சொல்லலாம்?

பதில் 1:
ஸ்ட்ரிக்ட் வேணாம்ங்க, அது அடுத்தவங்கள கட்டுப்படுத்துறவர சொல்றது, டிசிப்ளினேரியனும் அப்படித்தான். தன்னைத்தானே கட்டுக்குள்ள வச்சிருக்கவர் செல்ஃப்-டிசிப்ளின்ட். பங்க்சுவல்னா சொன்ன நேரத்துக்கு வர்றவர், நாலரைக்கு எழுந்திருக்கிறதுக்கு எர்லி ரைசர்னு சொல்லுங்க, கூட 'ஹி ஸ்டிக்ஸ் டு அ ரொட்டீன்'. ஜாங்கிரி விஷயத்துக்கு செல்ஃப்-கன்ட்ரோல். பில்லுக்கு ஆர்கனைஸ்ட். மெத்தாடிக்கலும் நல்ல வார்த்தை, ஆனா அது ஒரு வேலைய படிப்படியா நிதானமா செய்றவங்களுக்குத்தான் இன்னும் நல்லா பொருந்தும்.

பதில் 2:
மேல சொன்னது சரி. ரிஜிட் (கொஞ்சமும் வளைஞ்சு குடுக்காதவர்), ஃபஸ்ஸி (சின்ன விஷயத்துக்கெல்லாம் அலட்டிக்கிறவர்) இதெல்லாம் தெரியாம போட்டுடாதீங்க, ரெண்டுமே குறை சொல்ற மாதிரி ஆயிடும். சில வேர்ட் லிஸ்ட்ல அப்ஸ்டீமியஸ்னு இருக்கும், சாப்பாடு குடி ரெண்டுலயும் அளவா இருக்கவருக்கு அது, அர்த்தம் சரிதான் ஆனா சாதாரண பேச்சுல யாரும் சொல்றதில்ல, மனப்பாடம் பண்ணது அப்பட்டமா தெரிஞ்சிடும். ஸ்பீக்கிங்ல நாலு விஷயத்துக்கு சமமா மார்க், அதுல வார்த்தை வளம் ஒண்ணுதான், பெரிய வார்த்தைய தேடி நடுவுல நின்னுட்டீங்கன்னா ஃப்ளூயன்சில, அதாவது தடங்கலில்லாம பேசுறதுக்கான மார்க்குல, அடி விழும். கான்ஷியென்ஷஸ் சொல்லலாம், பொறுப்பா கவனமா செய்றவர்னு அர்த்தம், ஆனா 'யென்'ல அழுத்தம் குடுத்து நாலு தடவ சத்தமா சொல்லிப் பாத்துக்கோங்க, வாய்ல வரலன்னா விட்டுடுங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். 'ஹி நெவர் கிவ்ஸ் இன் டு டெம்ப்டேஷன்' சொன்னா ஓகேவா?

பதில் 2:
தாராளமா சொல்லலாம், ஆனா அதோட நிறுத்தாதீங்க, உடனே அந்த ஜாங்கிரி கதைய சொல்லுங்க, ஜாங்கிரின்னா என்னன்னு எக்ஸாமினருக்கு ஒரு வரில விளக்கிட்டு. தயார் பண்ண ஒரே ஒரு நிமிஷம்தான், பேச வேண்டியது ரெண்டு நிமிஷம் வரைக்கும், வெறும் வார்த்தைய அடுக்குனா அரை நிமிஷத்துல தீந்துடும். பேப்பர்ல நாலரை, ஜாங்கிரி, பில்லுன்னு மூணு மட்டும் குறிச்சுக்கிட்டு பேச ஆரம்பிங்க.