சிலுவை எப்போது கிறிஸ்தவரின் அடையாளமாயிற்று?

உவர்மலைவாசி:
வணக்கம். நான் சைவன். பெரிய வெள்ளியன்று எங்கள் தெருவழியே சிலுவைப்பாதை ஊர்வலம் போகும்போதெல்லாம் எழும் ஐயம் ஒன்றை இங்கே வைக்கிறேன். உரோமையர் மனிதரைக் கொல்லப் பயன்படுத்திய மரத்தை, அதில் கொல்லப்பட்டவரையே வணங்குவோர் எக்காலத்தில் தமது அடையாளமாக ஏற்றுக்கொண்டனர்? திருகோணமலையில் கத்தோலிக்க ஆலயங்களில் இயேசுவின் உடலோடு கூடிய பாடுபட்ட சுரூபத்தையும், மெதடிஸ்தரிடம் வெறுஞ் சிலுவையையும் காண்கிறோம். இரண்டில் முந்தியது எது?

பாலையூற்றான்:
கி.பி. 312இல் மில்வியப் பாலத்துப் போருக்கு முன்னர் மன்னன் கொன்ஸ்தந்தைன் வானில் சிலுவை ஒளியைக் கண்டான் என்றே மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். சிலுவைத் தண்டனையை ஒழித்தவனும் அவனே. எனவே நான்காம் நூற்றாண்டு என்று கொள்ளலாம்.

கோட்டைவாசல்:
நண்பர் சொல்வது பாதிதான் சரி. கொன்ஸ்தந்தைனின் கொடியில் இருந்தது கிறிஸ்து என்னும் பெயரின் முதலிரு கிரேக்க எழுத்துகளைப் பிணைத்த முத்திரை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 211ஆம் ஆண்டளவில், வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், வீட்டுக்குள் நுழையும்போதும், செருப்பு அணியும்போதும், குளிக்கும்போதும், பந்தியில் அமரும்போதும், விளக்கேற்றும்போதும் கிறிஸ்தவர் நெற்றியில் அடையாளம் இட்டுக்கொள்வதை எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் விரலால் வரைந்ததைச் சுவரில் தீட்ட அவர்கள் தயங்கினர். உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் மீனும், நங்கூரமும், ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனுமே மிகுதி. கி.மு. 71இல் ஸ்பார்த்தக்குஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சி அடக்கப்பட்டபின் கப்புவாவிலிருந்து உரோமைவரை வழிநெடுக ஆறாயிரம் பேர் சிலுவையில் அறையப்பட்டனர்; அடிமைக்கும் கலகக்காரனுக்கும் உரிய அந்தச் சாவின் இழிவு ஊரறிந்தது. இழிவை மாற்றார் எப்படிக் கையாண்டனர் என்பதற்கு, உரோமையின் பலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட சுவர்க்கிறுக்கல் ஒன்றே போதும். கழுதைத் தலையுடைய ஒருவன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஒருவன் கையுயர்த்தி நிற்கிறான், பக்கத்தில் கிரேக்க எழுத்தில் “அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்” என்று கீறப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 200ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் இது, நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சிலுவைக் காட்சிகளுள் ஒன்று. வரைந்தவன் பக்தனல்லன், பரிகாசக்காரன். என் கருத்தில், தண்டனை கண்ணுக்கு மறைந்த பின்னரே அதைப் பொதுவில் தூக்கிப்பிடிக்கும் துணிவு வந்தது.

ஞாயிறுபாடசாலை:
இரண்டாவது கேள்விக்கு விடை: வெறுஞ் சிலுவையே முந்தியது. உடலோடு கூடிய காட்சி ஐந்தாம் நூற்றாண்டில்தான் ஆலயக் கலையில் தென்படுகிறது. உரோமைப் புனித சபினா ஆலயத்தின் மரக்கதவில், 430ஆம் ஆண்டளவில், கண்விழித்துக் கைவிரித்தபடி இயேசு நிற்கிறார். பின்னாலுள்ள சிலுவை தெரியாத அளவுக்கு ஒடுங்கியிருக்கிறது. தலை சாய்ந்து, உயிர்நீத்த உடலின் பாரம் தோள்களை இழுக்கும் சுரூபத்துக்கு, பத்தாம் நூற்றாண்டில் கொலோன் பேராலயத்தின் கேரோ சிலுவைவரை வரவேண்டும். வெறுஞ் சிலுவை உயிர்ப்பைக் குறிக்கிறது என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு, அது அழகான விளக்கம்தான். எனினும், வரலாற்றுக் காரணம் வேறு: சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1524இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி சுவிங்ளியின் தூண்டுதலால் ஆலயங்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டன. அந்தச் சீர்திருத்த மரபின் தாக்கம் ஆங்கிலத் திருச்சபைவழி மெதடிஸ்தரிடமும் வந்தது. லூத்தரன் சபையினரோ சுரூபத்தை வைத்துக்கொண்டனர் என்பதால், எல்லாச் சீர்திருத்தச் சபைகளுக்கும் ஒரே காரணம் காட்டுவதும் பொருந்தாது.

உவர்மலைவாசி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அநுராதபுரத்தில் 1912இல் அகழ்ந்தெடுத்த கருங்கற் சிலுவையில் உடல் இல்லாததும் இக்காரணத்தாலா?

கோட்டைவாசல்:
அது சீர்திருத்தத்துக்கு மிக முந்திய, வேறு மரபு. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர் இத்தீவிலிருந்த பாரசீகக் கிறிஸ்தவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அநுராதபுரச் சிலுவையையும் அவர்களோடு தொடர்புபடுத்தியே பலரும் பேசுகின்றனர். அதன் அடியில் இருபுறமும் இலைகள் விரிந்திருப்பதைக் கவனியுங்கள், மரம் அங்கே கொலைமரமாக அல்ல, துளிர்க்கும் மரமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சென்னைப் பரங்கிமலையின் கற்சிலுவையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த மரபின் சாயல் தெரியும்.