பத்மினியின் சோலெக்ஸைச் சீர்செய்வதா, மாருதி 800 கார்புரேட்டரை மாட்டுவதா?

வைகைக்கரை:
என்னிடம் 1984-ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. இன்றும் வாரத்தில் நான்கு நாள் மதுரைக்குள் ஓடுகிறது. ஆறு மாதமாக, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் இழுவை) சிறிது இழுத்து வைத்தால்தான் ஐடிலிங்கில் (மிதிக்காமல் ஓடும் நிலையில்) அணையாமல் ஓடுகிறது. உள்ளே தள்ளினால் அணைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் வண்டி நகர்கிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது இப்போது 9 ஆகிவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அதன் சோலெக்ஸ் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவி, கிட்டும் மாற்றியாயிற்று. "இது முடிந்துவிட்டது, மாருதி 800 கார்புரேட்டரை அடாப்டர் தட்டு வைத்து மாட்டிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

நெடுஞ்சாலை:
தாராளமாகச் செய்யுங்கள். என் பத்மினியில் ஐந்து ஆண்டுகளாக மாருதி கார்புரேட்டர்தான் இருக்கிறது. சோலெக்ஸுக்கு ஒரே தொண்டை (காற்று செல்லும் வழி), மாருதியுடையதற்கு இரண்டு. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சிறிய முதல் தொண்டை மட்டுமே திறந்திருப்பதால், காற்று அதில் வேகமாகப் பாய்ந்து பெட்ரோலை நன்றாகப் பொடியாக்குகிறது. என் வண்டியில் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடியது. சோலெக்ஸ் ஜெட்டுகளை (பெட்ரோல் அளவாகச் செல்லும் துளையிட்ட சிறு திருகுகள்) தேடிக் கடைகடையாக அலையும் வேலையும் மிச்சம்.

பட்டறைத்தம்பி:
அண்ணன் சொல்லும் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டியின் கோளாறு என்னவென்றே இன்னும் கண்டுபிடிக்கவில்லையே. சோக் இழுத்தால்தான் அணையாமல் ஓடுகிறது என்றால், கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது அல்லது கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். ஐடில் ஜெட் அடைப்பாக இருந்திருந்தால் இரண்டு முறை கழுவியதில் பெரும்பாலும் சரியாகியிருக்கும். ஆகவே ஏர் லீக் என்பதே என் முதல் சந்தேகம். நாற்பது ஆண்டு ஓடிய சோலெக்ஸில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டர்ஃபிளை தகட்டின் ஷாஃப்ட் செல்லும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். கிட்டில் கேஸ்கெட், டயாஃபிரம், நீடில் வால்வு ஆகியவைதாம் வருகின்றன என்பதால், எத்தனை கிட் மாற்றினாலும் அந்தத் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். எப்போதும் சோக்கை இழுத்துக்கொண்டே ஓட்டினால் மைலேஜ் 9-க்கு இறங்கியதிலும் வியப்பில்லை.

வைகைக்கரை ஐயா, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டு, அதன் இரு முனைகளிலும் கெட்டியான கிரீஸை அப்பி, பிறகு வண்டியைக் கிளப்புங்கள். ஐடிலிங் மாறினால் காற்று நுழையும் இடம் அதுதான். சூடான மேனிஃபோல்டின் (கலவை எஞ்சினுக்குள் செல்லும் குழாய்த் தொகுதி) மேல் கிளீனரைப் பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தீப்பிடிக்கக்கூடிய வேலை அது, வேண்டாம். அதற்கும் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்தளிக்கும் பாகம்) பாயின்ட் இடைவெளி, தீப்பொறி டைமிங், வால்வுகளின் டேப்பெட் இடைவெளி மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். கார்புரேட்டர்மேல் போடப்படும் பழிகளில் பாதிக்கு மேல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரியவை.

நெடுஞ்சாலை:
தேய்ந்த பாடியின் துளையில் புஷ் (உலோக வளையம்) அடித்து எத்தனை நாள் ஓட்டுவது?

பட்டறைத்தம்பி:
லேத்தில் அளவாகத் துளையிட்டுப் பித்தளைப் புஷ் போட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். மாறாக, மாருதி 800-க்குக் கார்புரேட்டருக்குப் பதிலாக எம்.பி.எஃப்.ஐ. (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) வந்தது 2000-ஆம் ஆண்டு வாக்கில். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் மாருதி கார்புரேட்டர் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுப் பழையது. அதன் ஷாஃப்ட்டும் தேய்ந்துதான் இருக்கும். அடாப்டர் தட்டு வைத்தால் ஒரு கேஸ்கெட் இணைப்பு கூடுகிறது; காற்று நுழைய அதுவும் புதிய வழிதானே?

அளவையும் கணக்கிட வேண்டும். பத்மினி 1,089 சி.சி., மாருதி 796 சி.சி. நிமிடத்துக்கு 5,000 சுற்றில், சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், முன்னது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,720 லிட்டர் காற்று கேட்கிறது. பின்னது 1,990 லிட்டருக்காக அமைக்கப்பட்டது.

நெடுஞ்சாலை:
மதுரை மாசி வீதிகளில் யார் தம்பி 5,000 சுற்றில் ஓட்டுகிறார்கள்? 2,500 சுற்றில் அதே பத்மினிக்கு 1,360 லிட்டர் போதுமே. உச்ச வேகத்தில் சிறிது சக்தி குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அது இழப்பே இல்லை.

பட்டறைத்தம்பி:
அந்தக் கணக்கு சரிதான். நடு வேகத்தில் கலவை பெரிதாகக் கெடாது என்பதும் உண்மை. ஆனால் ஐடில் வழியும், பட்டர்ஃபிளை திறக்கத் தொடங்கும் நிலைக்கான சிறு துளைகளும் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்காக அளவிடப்பட்டவை. இவருக்குத் தொல்லை இருப்பதே அந்த இரண்டு இடங்களில்தான்.

இன்னொன்றையும் கருத வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு தூய பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலப்புக்கு ஏறக்குறைய 13.5 போதும். நிலையான துளை கொண்ட ஜெட்டுக்கு இந்த மாற்றம் தெரியாது என்பதால், எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் கலவை ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்துவிடுகிறது. மெயின் ஜெட்டின் துளை எண் 120 என்றால் 125 போட வேண்டியிருக்கும். துளையின் விட்டத்தில் 4 விழுக்காடு கூட்டினாலே பரப்பில் 8 கூடிவிடும். பழைய ரப்பர் குழாய்களையும் வண்டியின் பெட்ரோல் பம்ப்பின் (ஏசி பம்ப்) டயாஃபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள்.

வைகைக்கரை:
நேற்று மாலை இருவர் சொன்னதையும் மனத்தில் வைத்துச் சோதித்தேன். பாயின்ட் இடைவெளி குறைந்திருந்தது. சரிசெய்தும் பெரிய மாற்றம் இல்லை. ஷாஃப்ட் கையில் நன்றாகவே ஆடியது. கிரீஸை அப்பிய பிறகு, பல மாதங்களில் முதன்முறையாகச் சோக் இல்லாமல் வண்டி அணையாமல் ஐடிலிங்கில் ஓடியது. பத்து நிமிடம் அப்படியே நின்று அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மிதித்ததும் தயங்குவது மட்டும் போகவில்லை.

நெடுஞ்சாலை:
அப்படியானால் இப்போதைக்குப் புஷ் போடுங்கள், நான் தடுக்கவில்லை. மாருதி கார்புரேட்டர் பொருந்தாது என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

பட்டறைத்தம்பி:
தயக்கம், மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பால் வருவதாக இருக்கலாம். எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, தொண்டைக்குள் பார்த்தபடி லிவரைத் திறவுங்கள். பெட்ரோல் நேர்கோடாகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டினாலோ தாமதமாக வந்தாலோ பம்ப் டயாஃபிரத்தையும் அதன் வால்வையும் பாருங்கள். லேத் வேலை முடிந்ததும், எஞ்சின் சூடான நிலையில் மிக்சர் ஸ்க்ரூவை மறுபடி அமைத்து, 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். முனை வெளுத்திருந்தால் மட்டும் 125 ஜெட். இளம் பழுப்பாக இருந்தால் உள்ள ஜெட்டையே விட்டுவிடுங்கள்.